கண்ட்ரோல் போர்டில் பேக்லைட் பழுது: ஒரு இன்குபேட்டர், ஒரு தொடுதிரை

போர்டோடு வந்த புகார் ஒரே வரிதான்: "டிஸ்ப்ளே போயிடுச்சு, புதுசு மாத்தணும்." முட்டை அடைகாக்கும் இன்குபேட்டர் ஒன்றின் கண்ட்ரோல் போர்டு அது. நான்கு வரி, வரிக்கு இருபது எழுத்து காட்டும் நீல நிற எல்சிடி. மின்சாரம் கொடுத்தால் ரிலே 'டக்' என்று இழுக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, ஹீட்டர் உரிய நேரத்தில் எரிந்து அணைகிறது. பட்டனை அழுத்தினால் பஸ்ஸர் கத்துகிறது. திரை மட்டும் கும்மிருட்டு. எப்போதாவது போர்டைத் தட்டினால் ஒரு கணம் வெளிச்சம் வந்து போகுமாம்.

இப்படி வரும் போர்டுகளில் டிஸ்ப்ளேயை மாற்றுவதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தை உருவாக்கும் சுற்று வேறு, அதைப் பின்னாலிருந்து வெளிச்சம் போட்டுக் காட்டும் சுற்று வேறு. இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். பேக்லைட் என்பது பெரும்பாலும் எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர், அதை இயக்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் கால். இந்த நான்கில் எது செத்தது என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். அதைக் கேட்காமல் டிஸ்ப்ளேயை மாற்றினால், பழுது சில சமயம் அப்படியே நிற்கும். சில சமயம் புதுப் பழுதுக்கு விதை போட்டதாகிவிடும். இந்த இன்குபேட்டர் போர்டில் நடந்தது இரண்டாவது வகை.

முதல் வேலை டார்ச் அடித்துப் பார்ப்பது. மஞ்சள்-பச்சை நிறத் திரைகளில் வெளி வெளிச்சமே உள்ளே போய்த் திரும்பி வரும். பேக்லைட் போனாலும் பகலில் எழுத்தைப் படிக்கலாம். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் திரைகள் அப்படி இல்லை. அவற்றில் எழுத்து என்பது வெளிச்சம் கடந்து வரும் ஓட்டை மாதிரி. பின்னால் விளக்கு இல்லையென்றால் முழுத்திரையும் கறுத்துவிடும், நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, தலையை அப்படி இப்படி அசைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தேன். மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறிக்கொண்டிருந்தன. அப்படியென்றால் கண்ணாடியும் அதன் பின்னால் உள்ள கண்ட்ரோலர் சில்லும் உயிரோடுதான் இருக்கின்றன. தேட வேண்டியது விளக்கை மட்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் நன்றாக வருகிறது, எழுத்து ஒன்றும் இல்லை என்றால் அது பேக்லைட் பிரச்சினையே இல்லை. மூன்றாவது காலில் உள்ள கான்ட்ராஸ்ட் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் இந்த வகைத் திரைகளில் அது வழக்கமாக ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருக்கும். கான்ட்ராஸ்ட் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) தேய்ந்துபோய் அந்தக் கால் 5 வோல்ட் பக்கம் ஏறிவிட்டால் எழுத்து மறைந்துவிடும். ஒன்றாவது, மூன்றாவது வரிகளில் மட்டும் கட்டம் கட்டமாக நின்றால், திரைக்கு மின்சாரம் வந்திருக்கிறது, ஆனால் புரோகிராம் அதை இன்னும் எழுப்பவில்லை என்று பொருள்.

சரி, விளக்குக்கு வருவோம்.

இந்த வகை எழுத்துத் திரைகள் பெரும்பாலும் எச்டி44780 சில்லின் வழிவந்தவை; கால் வரிசை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்றேதான். 1 கிரவுண்டு, 2 மின்சாரம், 3 கான்ட்ராஸ்ட், கடைசியில் 15-வது கால் பேக்லைட்டின் ஆனோடு (ப்ளஸ் முனை), 16-வது கால் கேத்தோடு (மைனஸ் முனை). சில தயாரிப்புகளில் 15, 16 இரண்டும் இடம் மாறியிருக்கும். அதனால் போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இந்தப் போர்டில் 15-வது கால் நேராக 5 வோல்ட்டுக்குப் போகிறது. 16-வது கால் ஒரு சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டர் வழியாக ஒரு டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான கலெக்டருக்குப் போகிறது. டிரான்சிஸ்டர் மேல் 'ஜே3ஒய்' குறி, அதாவது எஸ்8050 என்ற என்பிஎன் வகை. எமிட்டர் கிரவுண்டில். ஆணை வாங்கும் காலான பேஸ் 1 கிலோஓம் வழியாக மைக்ரோகண்ட்ரோலருக்கு. உலகத்தில் பாதிக் கண்ட்ரோல் போர்டுகளில் பேக்லைட் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மின்சாரம் ஓடும்போதே அளந்தேன். கறுப்பு புரோபை கிரவுண்டில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தொடுவது என் வழக்கம். ஒரு கை சும்மா இருக்கும், புரோப் வழுக்கி இரண்டு கால்களை ஷார்ட் செய்யும் வாய்ப்பும் குறையும். இந்தப் போர்டில் ரிலேக்கள் மெயின்ஸ் மின்சாரத்தைத் தொடுபவை. அதனால் அந்தப் பக்கத்துக்கு எதையும் இணைக்காமல், குறைந்த வோல்ட்டேஜ் பகுதிக்கு மட்டும் பெஞ்ச் சப்ளையிலிருந்து 5 வோல்ட் கொடுத்தேன். பேக்லைட்டைத் தேடும் வேளையில் 230 வோல்ட் பக்கத்தில் கிடக்கத் தேவையே இல்லை.

15-வது கால்: 5.0 வோல்ட். 16-வது கால்: 2.5 வோல்ட் சொச்சம்.

இந்த இரண்டாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. எல்இடி உள்ளே அறுந்துபோயிருந்தால் 16-வது கால் 5 வோல்ட்டோடு தொடர்பில்லாமல் நிற்கும். அந்தப் பக்கம் டிரான்சிஸ்டர் ஆன் ஆகியிருந்தால் பூஜ்யத்தையே காட்டும். ஆனால் இங்கே 2.5 வருகிறது. மல்டிமீட்டருக்குள் இருக்கும் 10 மெகாஓம் வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் எல்இடியைத் தாண்டி வருகிறது. அவ்வளவு சின்ன ஓட்டத்திலும் வெள்ளை எல்இடி இரண்டரை வோல்ட் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும், மீதிதான் மீட்டரில் தெரிகிறது. ஆக, எல்இடி அறுந்துபோகவில்லை. கீழேயிருந்து அதை யாரும் கிரவுண்டுக்கு இழுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: பேக்லைட்டை பிடபிள்யூஎம் மூலம் மங்கச் செய்யும் போர்டுகளிலும் இதே 2.5 வரலாம். வேகமாக ஆன், ஆஃப் ஆகும் அலையின் சராசரியைத்தான் டிசி அளவில் மல்டிமீட்டர் காட்டும். அலையா, எதோடும் சேராத மிதப்பா என்று ஆசிலாஸ்கோப் உடனே சொல்லும். அது இல்லாதவர்களுக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போதும்.

இந்தச் சோதனையை நான் எல்லோருக்கும் சொல்வேன். 100 ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கிரவுண்டில் வைத்து, மறுமுனையால் 16-வது காலைத் தொடுங்கள். 16-வது காலைக் கிரவுண்டுக்கு இழுக்கும் டிரான்சிஸ்டரின் வேலையை ஒரு நொடிக்கு நீங்களே செய்கிறீர்கள். 5 வோல்ட்டில் எல்இடி 3 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் மீதி 2 வோல்ட், 100 ஓமில் 20 மில்லிஆம்பியர். எதையும் கெடுக்காத அளவு. தொட்டேன், திரை அழகாக நீலமாக ஒளிர்ந்தது. டிஸ்ப்ளே மாட்யூலும் அதற்கு வரும் 5 வோல்ட்டும் இந்த ஒரே தொடுதலில் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிட்டன. "புதுசு மாத்தணும்" என்ற பேச்சுக்கும் இங்கேயே முடிவு.

மின்சாரம் இல்லாமல் மல்டிமீட்டரின் டயோடு அளவில் பேக்லைட்டைச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அளவில் பல மீட்டர்கள் 3 வோல்ட் அளவுதான் வெளியே விடும். வெள்ளை எல்இடி அதில் மினுக் என்று எரியலாம், எரியாமலும் போகலாம். மஞ்சள்-பச்சை பேக்லைட்டில் இரண்டு இரண்டு எல்இடியாகத் தொடராக இருப்பதால் 4 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால்தான் எரியும். நல்ல பேக்லைட்டையே 'ஓப்பன்' என்று மீட்டர் சொல்லிவிடும். அந்தப் பதிலை வைத்து மாட்யூலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அடுத்து டிரான்சிஸ்டர். பேஸில் 0.7 வோல்ட், மைக்ரோகண்ட்ரோலர் ஆணை கொடுக்கிறது, பேஸ்-எமிட்டர் ஜங்ஷனும் ஒழுங்காக இருக்கிறது. பேஸ் 4 வோல்ட், 5 வோல்ட் என்று ஏறியிருந்தால் ஜங்ஷன் அறுந்திருக்கும், அல்லது எமிட்டரின் கிரவுண்டு சால்டர் விட்டிருக்கும். பேஸ் பூஜ்யமாக இருந்தால் 1 கிலோஓமைத் தாண்டி மைக்ரோகண்ட்ரோலர் வரை போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் தேவை வரவில்லை. கலெக்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்தது. டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது!

கலெக்டரில் பூஜ்யம், 16-வது காலில் 2.5. இடையில் இருப்பது அந்த ஒரு ரெசிஸ்டர் மட்டும். மேலே '100' என்ற குறி, அதாவது 10 ஓம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் 10.2 ஓம் காட்டுகிறது!

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுவார்கள். ஓம் மீட்டர் நன்றாக இருக்கிறது என்கிறது, வோல்ட் மீட்டர் இல்லை என்கிறது. நான் வோல்ட் மீட்டர் பக்கம். ஓம் அளக்கும்போது இரண்டு புரோப் முனைகளையும் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளில் வைத்து அழுத்துகிறோம். உள்ளே விரிசல் விட்ட ரெசிஸ்டரும், விரிசல் விட்ட சால்டரும் அந்த அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நாம் கையை எடுத்ததும் மறுபடி பிரியும். போர்டைத் தட்டினால் வெளிச்சம் வந்து போனதும் இதனால்தான். வோல்ட் அளக்கும்போது ரெசிஸ்டரைத் தொடாமல், அதே டிராக்கில் தள்ளி இருக்கும் 16-வது கால், டிரான்சிஸ்டரின் கால் என்று தொடலாம். பழுது கலையாமல் அப்படியே இருக்கும். விட்டு விட்டு வரும் பழுதுகளில் பழுதுள்ள பாகத்தின் மேலேயே புரோபை வைப்பதைக் கூடியவரை தள்ளிப்போட வேண்டும்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ரெசிஸ்டரின் மேல்பூச்சில் குறுக்கே மயிரிழை போன்ற ஒரு கோடு. அதைச் சுற்றிப் போர்டு பழுப்பேறிக் கிடந்தது. பழுப்பு நிறம் முக்கியமான சாட்சி. அந்த ரெசிஸ்டர் ஒரே நாளில் திடீரென்று சாகவில்லை, ரொம்ப நாளாக வெந்துகொண்டிருந்திருக்கிறது. எனவே அதே மதிப்பில் இன்னொன்றை ஒட்டிவிட்டுக் கை கழுவ முடியாது. ஏன் வெந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

பதில் டிஸ்ப்ளேயின் கால் வரிசையிலேயே இருந்தது. பதினாறு கால்களைச் சுற்றியும் காய்ந்த ஃபிளக்ஸ் (சால்டர் பசை), தொழிற்சாலை சால்டருக்குப் பொருந்தாத உருண்டை உருண்டையான ஈயம். இந்த மாட்யூல் முன்பே ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. போர்டை வடிவமைத்தபோது இருந்தது மஞ்சள்-பச்சைத் திரையாக இருந்திருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் பேசுகிறது. மஞ்சள்-பச்சை பேக்லைட் 4.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டருக்கு 0.1 வோல்ட். 5 வோல்ட்டில் மீதி 0.7 வோல்ட்தான், 10 ஓமில் 70 மில்லிஆம்பியர். அந்த அளவுத் திரைக்கு அது நியாயமான மின்னோட்டம். ரெசிஸ்டரில் வெப்பமாகப் போவது 0.05 வாட். 0805 அளவுள்ள ரெசிஸ்டர் வழக்கமாக 0.125 வாட் தாங்கும். கவலையே இல்லை.

அதே இடத்தில் நீலத் திரையை மாட்டினால் கதை மாறுகிறது. வெள்ளை எல்இடி 3 வோல்ட் சொச்சத்திலேயே திறந்துவிடும். மின்னோட்டம் ஏற ஏற 3.5 வோல்ட் வரை போகும் என்று வைத்துக்கொண்டாலும் ரெசிஸ்டரில் 1.4 வோல்ட் விழும். 140 மில்லிஆம்பியர், 0.2 வாட். தாங்கும் அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், அதுவும் இன்குபேட்டரின் வெதுவெதுப்பான பெட்டிக்குள், நாள் முழுக்க அணையாத திரையில். திரை அப்போது பிரமாதமாக ஒளிர்ந்திருக்கும். மாற்றியவரும் மகிழ்ந்திருப்பார்.

நீல மாட்யூல்கள் பலவற்றில் பின்பக்கத்திலேயே பேக்லைட்டுக்கென்று ஒரு ரெசிஸ்டர் இருக்கும். '101' என்று குறி இருந்தால் 100 ஓம், வெளியே எதுவும் இல்லாமலே 5 வோல்ட்டில் மாட்டலாம். இந்த மாட்யூலைத் திருப்பிப் பார்த்தேன், அந்த இடத்தில் '000', அதாவது வெறும் ஜம்பர். பாதுகாப்பு முழுவதும் போர்டில் உள்ள 10 ஓமை நம்பியே இருந்திருக்கிறது. திரையை மாற்றும்போது கால் வரிசை பொருந்துகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பேக்லைட்டின் வோல்ட்டேஜ் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் மாட்யூலைத் திருப்பி அந்த ரெசிஸ்டரைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

புதிய மதிப்பு என்ன வைக்கலாம்? இந்த அளவு வெள்ளை பேக்லைட்டுக்கு 30 முதல் 40 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டேன். 5 கழித்தல் 3.1 கழித்தல் 0.05, மீதி 1.85 வோல்ட், 35 மில்லிஆம்பியருக்கு 53 ஓம். கையில் இருந்தது 56 ஓம், 1206 அளவு, 0.25 வாட். 0805 தளத்தில் 1206-ஐ உட்கார வைக்க இரண்டு பக்கமும் பச்சைப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, தாமிரத்துக்கு ஈயம் பூசிக்கொண்டேன். பழுப்பேறிய இடத்தில் தாமிரத் தளம் பலவீனமாக இருக்கும், சூடு அதிகமானால் உரிந்து வந்துவிடும். அதனால் பழையதை எடுக்கும்போது இரண்டு முனைக்கும் தாராளமாகப் புது ஈயம் வைத்து, இரண்டையும் ஒருசேர உருக்கி, தள்ளாமல் நெம்பாமல் எடுத்தேன்.

மின்சாரம் கொடுத்து அளந்தபோது ரெசிஸ்டரின் குறுக்கே 1.87 வோல்ட். 56-ஆல் வகுத்தால் 33 மில்லிஆம்பியர், வெப்பம் 0.06 வாட். விரல் வைத்தால் சூடே தெரியவில்லை. மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தும் திரை நான்கில் ஒரு பங்காக மங்கியது போல் கண்ணுக்குத் தெரியாது. நம் கண் வெளிச்சத்தை நேர் கணக்கில் பார்ப்பதில்லை. அறைக்குள் படிக்கத் தாராளமாகப் போதும். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல். 140 மில்லிஆம்பியரில் ஓடிய நாட்களில் அந்த ஓரத்து எல்இடி வயதாகியிருக்க வேண்டும், அதற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை.

பாகம் எதுவும் சாகாமலே இருட்டாகும் போர்டுகளும் இருக்கின்றன. பின்னால் ஐ2சி பேக்பேக் என்ற சின்ன இணைப்புப் போர்டு ஒட்டி, நான்கு ஒயரில் ஓடும் திரைகளில் பக்கவாட்டில் இரண்டு பின், அதன் மேல் ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அது விழுந்துவிட்டால் பேக்லைட் வராது. அந்தப் பேக்பேக்கில் இருக்கும் பிசிஎஃப்8574 சில்லு மின்சாரம் வந்தவுடன் எல்லாக் கால்களையும் உயர்நிலையில் வைக்கும். அதனால் பல பேக்பேக்குகளில் ஆன் செய்த கணத்தில் விளக்கு எரியும். எரிந்துவிட்டு, புரோகிராம் ஓடத் தொடங்கியதும் அணைந்தால் சால்டர் இரும்பைத் தூக்க வேண்டாம். புரோகிராம்தான் அந்த பிட்டை அணைக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் மார்லின் என்ற ஃபர்ம்வேரில் (இயந்திரத்துக்குள் ஓடும் புரோகிராம்) எம்256 என்ற கட்டளை திரையின் வெளிச்ச அளவை மாற்றும். அதில் பூஜ்யம் சேமித்து வைக்கப்பட்டிருந்தாலும் இருட்டுதான். பழைய தொழிற்சாலைப் பேனல்களில் எல்இடிக்குப் பதில் சிசிஎஃப்எல் எனப்படும் மெல்லிய குழல் விளக்கு இருக்கும். ஆன் செய்ததும் ரோஸ் நிறமாக எரிந்து, பிறகு அணைந்தால் பெரும்பாலும் குழலின் ஆயுள் முடிகிறது. அதை ஓட்டும் இன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட், தொடக்கத்தில் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் போடும். சாதாரண மல்டிமீட்டரை அதன் வெளிப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. உள்ளே வரும் மின்சாரம், ஃப்யூஸ், ஆன் செய்யும் சிக்னல் ஆகிய மூன்றை மட்டும் அளந்தால் போதும்.

தொடுதிரைப் போர்டு

அடுத்தது ஒரு பேக்கிங் இயந்திரத்தின் 3.5 அங்குல டிஎஃப்டி (ஒரு வகை எல்சிடி) தொடுதிரைப் பேனல். ஆன் செய்தால் ஒரு மின்னல் போல் வெளிச்சம் வந்து உடனே அணைந்துவிடும். அப்புறம் இருட்டு. இருட்டில் குத்துமதிப்பாகத் தொட்டால் பீப் சத்தம் வருகிறது, டார்ச் அடித்தால் மெனு மாறுவதும் தெரிகிறது. இங்கேயும் படம் உயிரோடு இருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை. ஆனால் சுற்று முற்றிலும் வேறு.

இந்த அளவுத் திரைகளில் ஆறு வெள்ளை எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருப்பது வழக்கம். ஆறுக்கும் சேர்த்து 19 வோல்ட் அளவு வேண்டும். போர்டில் இருப்பது 5 வோல்ட். ஆகவே ஒரு காயில் (கம்பிச் சுருள்), ஒரு ஷாட்கி டயோடு, வோல்ட்டேஜை ஏற்றித் தரும் ஒரு பூஸ்ட் சில்லு. இந்தப் போர்டில் டிபிஎஸ்61165. இந்தச் சில்லு வெளியே விடும் வோல்ட்டேஜைக் கணக்கில் எடுப்பதில்லை. எல்இடி வரிசையின் அடியில் ஒரு சிறிய ரெசிஸ்டர் இருக்கும், அதன் மேல் 200 மில்லிவோல்ட் விழும்வரை வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். ரெசிஸ்டர் 10 ஓம் என்றால் 20 மில்லிஆம்பியர்.

எல்இடி வரிசையின் மேல்முனையில் மீட்டரை வைத்தால் 4.8 வோல்ட். இதைப் பார்த்து 'ஏதோ கொஞ்சம் வருகிறது' என்று நினைக்கக் கூடாது. பூஸ்ட் சுற்றில் உள்ளே வரும் 5 வோல்ட்டுக்குக் காயிலும் டயோடும் வழியாக வெளியே போக எப்போதும் நேர்வழி உண்டு. சில்லு செத்திருந்தாலும், தூங்கிக்கொண்டிருந்தாலும் இந்த 4.8 வரும். காயிலும் டயோடும் அறுந்துபோகவில்லை, பூஸ்ட் வேலை செய்யவில்லை; இந்த எண் சொல்வது இவ்வளவுதான்.

ஏன் வேலை செய்யவில்லை? ஆசிலாஸ்கோப்பை வைத்து, ஆன் செய்யும் அந்தக் கணத்தைப் பிடித்தேன். வோல்ட்டேஜ் விறுவிறுவென்று 38 வரை ஏறி, அங்கே வெட்டிவிட்டாற்போல் நின்று, மெதுவாக 4.8-க்கு இறங்கியது. இந்தச் சில்லின் திறந்த-சுற்றுப் பாதுகாப்பு 38 வோல்ட்தான். எவ்வளவு ஏற்றியும் அடி ரெசிஸ்டரில் 200 மில்லிவோல்ட் வரவில்லை, எல்இடி வரிசை அறுந்திருக்கிறது என்று முடிவு செய்து சில்லு தானே அணைந்துவிட்டது. மறுபடி ஆன் சிக்னலை எடுத்துக் கொடுக்கும்வரை எழாது. சில்லு செத்துவிட்டது என்று மாற்றப் போனால் வேலை வீண். தன் கடமையைச் சரியாகச் செய்த சில்லு அது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தப் பாதுகாப்பு இல்லாத பூஸ்ட் சில்லுகளும் பேக்லைட்டுக்குப் பயன்படுகின்றன. அவற்றில் எல்இடி வரிசை அறுந்தால் வோல்ட்டேஜ் கட்டுப்பாடில்லாமல் ஏறி, சில்லையோ வெளிப்பக்க கெப்பாசிட்டரையோ கொன்றுவிடும். எல்இடியைச் சோதிக்காமல் புதுச் சில்லைப் போட்டால் அதுவும் போகும். டிஎஃப்டி பேக்லைட்டில் எல்இடி வரிசையை முதலில் பார், சில்லை அப்புறம் பார் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பேனலைப் போர்டிலிருந்து கழற்றி, பெஞ்ச் சப்ளையை 10 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி, ஃபிளெக்ஸ் கேபிளின் (வளையும் தட்டையான கேபிள்) பேக்லைட் முனைகளில் வைத்து 20 வோல்ட் வரை மெதுவாக ஏற்றினேன். ஒன்றும் எரியவில்லை, மின்னோட்டம் பூஜ்யம். ஆக, உடைப்பு பேனலுக்குள். உலோகச் சட்டத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்துப் பின்பக்கத்தைத் திறந்தேன். ஒளியைப் பரப்பும் மெல்லிய தாள்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றின் நடுவே ஒரு தூசி புகுந்தாலும் திரையில் நிரந்தரப் புள்ளியாகத் தெரியும். எல்இடி பட்டையின் இரண்டு சால்டர் புள்ளிகளில் நேராக மின்சாரத்தை வைத்ததும் ஆறும் எரிந்தன. எல்இடி எதற்கும் பழுதில்லை. ஃபிளெக்ஸ் வால் பேனலின் விளிம்பில் மடங்கித் திரும்பும் இடத்தில்தான் தாமிரம் அறுந்திருந்தது. தொடக்கத்தில் வந்த மின்னல் வெளிச்சமும் இதற்குப் பொருந்துகிறது. அறுந்த முனைகள் கணநேரம் தொட்டுப் பிரிந்திருக்கின்றன.

மடிப்பிலேயே சால்டர் வைத்தால் நிற்காது, ஈயம் வளையாது. மடிப்புக்கு இரு பக்கமும் சற்றுத் தள்ளி மேலுறையைக் கத்தி முனையால் சுரண்டித் தாமிரத்தைத் திறந்தேன். முடி போன்ற எனாமல் கம்பியைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து, மடிப்பைத் தாண்டிப் பாலம் போட்டேன். இழுத்துக் கட்டினால் அடுத்து அறுவது கம்பிதான். மேலே வெப்பம் தாங்கும் மெல்லிய டேப். 20 மில்லிஆம்பியர்தான் ஓடப்போகிறது, மெல்லிய கம்பி தாராளம்.

இந்த வரிசையில் ஒரு எல்இடியே போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாகப் பெஞ்ச் சப்ளையிலிருந்து 3 வோல்ட்டைச் சில மில்லிஆம்பியர் கட்டுப்பாட்டோடு தொட்டால் செத்தது தெரிந்துவிடும். மாற்று கிடைக்கும்வரை அதை மட்டும் ஷார்ட் செய்து ஓட்டலாம். சில்லு மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது, 19 வோல்ட்டுக்குப் பதில் 16-லேயே நின்றுகொள்ளும். திரையில் ஓரிடம் மங்கும், மற்றவை கெடாது. ஆனால் பல வரிசைகள் இணையாக இருக்கும் பெரிய பேனல்களில் இதைச் செய்யக் கூடாது. ஒரு வரிசையில் மட்டும் எல்இடி குறைந்தால் மொத்த மின்னோட்டமும் அந்த வரிசை வழியாகப் பாயும்.

பேனலை மூடும் முன் ஃபிளெக்ஸை மடித்து நிமிர்த்திப் பார்த்தேன், வெளிச்சம் அசையவில்லை. போர்டில் மாட்டி ஆன் செய்ததும் மேல்முனையில் 18.7 வோல்ட், அடி ரெசிஸ்டரில் 0.20. மெனுவில் வெளிச்ச அளவை அடிமட்டத்திலிருந்து முழுதாக ஏற்றி இறக்கினேன்; நடுவில் எங்கும் மினுக்கல் இல்லை. சட்டத்தின் ஓரத்தில் ஃபிளெக்ஸை உரசிக்கொண்டிருந்த கூர்மையான விளிம்புக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுத்தான் மூடினேன். தாமிரத்தை அறுத்தது அந்த விளிம்புதான்.